அக்கா-தம்பியாகச் சேர்ந்து உணவுப் பொருள் இறக்குமதி: கிருஷ்ணகிரியிலிருந்து தொடங்குபவர்களுக்கு

மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் மாவட்டம் நம்முடையது. காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் போய் ஏற்றுமதி பற்றிக் கேட்டால் சொல்லித்தர பத்துப் பேர் இருக்கிறார்கள். இறக்குமதி பற்றிக் கேட்டுப் பாருங்கள், "சென்னையில ஒரு ஏஜென்ட பிடிங்க" என்பதற்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் தம்பியும் அப்படித்தான் தொடங்கினோம். தாய்லாந்திலிருந்து அரிசி நூடுல்ஸும் சில சாஸ் வகைகளும் வரவழைத்து, ஓசூர், பெங்களூரு ஓட்டல்களுக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் கொடுக்கிறோம். முதல் கன்டெய்னரில் லாபம் மொத்தமும் போய், கைக்காசும் கொஞ்சம் போனது. போன காசில் பெரும்பகுதி, கப்பல் கிளம்பும் முன்பே முடித்திருக்க வேண்டிய காகித வேலையை முடிக்காததால் போனது. அது உங்களுக்கு நடக்கக் கூடாது என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் உங்களுக்குள் எழுதிக்கொள்ளுங்கள்

கூடப் பிறந்தவர்கள் தொழில் தொடங்கும்போது "உன் பேரில் இருந்தால் என்ன, என் பேரில் இருந்தால் என்ன" என்று ஆரம்பிப்பது வழக்கம். நாங்களும் தம்பியின் தனி பான் எண்ணில் ஜிஎஸ்டி, இறக்குமதிக் குறியீடு, உணவு உரிமம் எல்லாவற்றையும் வாங்கிவிட்டோம். பிறகு என் பங்குப் பணத்தை உள்ளே போடும்போது ஆடிட்டர் நிறுத்தினார். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட மாட்டீங்கம்மா, சரி. நாளைக்கு பாங்க்ல லோன் கேட்டா உங்க பேரு எங்க இருக்கு?" என்றார். கூட்டு நிறுவனமாக மாற்றினோம். நிறுவனத்துக்குப் புது பான். பான் மாறினால் ஜிஎஸ்டி எண் மாறும், இறக்குமதிக் குறியீடு மாறும், உணவு உரிம எண்ணும் மாறும். வாங்கிய அத்தனையும் மறுபடி முதலிலிருந்து. இதற்குள் தாய்லாந்து கம்பெனி பழைய உரிம எண்ணோடு லேபிள் அச்சடித்துவிட்டது. அந்தக் கதை ஐந்தாவது பகுதியில் வருகிறது.

அதனால் எந்த விண்ணப்பத்துக்கும் முன்னால் கூட்டு ஒப்பந்தப் பத்திரம் எழுதுங்கள். அதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்யுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், பாக்கி வைத்த கடைக்காரர் மேல் ஒப்பந்தப்படி வழக்குப் போட முடியாது. பத்திரத்தில் லாபப் பங்கு மட்டும் எழுதினால் போதாது. யார் எவ்வளவு முதல் போடுகிறார்கள், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஒருவர் கையெழுத்தா இருவர் கையெழுத்தா, ஒருவர் விலகினால் குடோனில் இருக்கும் சரக்கை எந்த விலைக்குக் கணக்கிடுவது, இதையெல்லாம் எழுதுங்கள். எங்கள் பத்திரத்தில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் எந்தப் பணம் வெளியே போனாலும் இருவர் கையெழுத்து. கல்யாணமாகி வேறு குடும்பத்துக்குப் போன அக்கா, தங்கை பங்குதாரராக இருந்தால் இதை இன்னும் தெளிவாக எழுதுங்கள். வீட்டில் நாளை கேள்வி வந்தால் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

2. முதல் கன்டெய்னரில் மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம்

நாங்கள் 11 வகை போட்டோம். எது விற்கும் என்று பார்க்கலாம் என்ற ஆசை. உணவுப் பொருள் துறைமுகத்தில் இறங்கியதும் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) அதிகாரி சரக்கில் மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார். கன்டெய்னர் ஒன்றுதானே, கட்டணமும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். பொருளுக்குப் பொருள் தனி மாதிரி, தனிக் கட்டணம். ஒரே பொருளில் இரண்டு பேட்ச் எண் இருந்தால் அதற்கும் தனியாகக் கேட்கலாம். பதினொன்றில் ஒன்றின் முடிவு தாமதமானாலும் கன்டெய்னர் மொத்தமும் காத்துக்கிடக்கும் நிலை வரும்.

புதிதாக வருபவர்கள் பால், இறைச்சி சார்ந்த பொருள்களைத் தொடாமல் இருப்பது நல்லது. அவற்றுக்கு மத்திய கால்நடைத் துறையின் தனி இறக்குமதி அனுமதி வேண்டும். பல வகைகளுக்கு வெளிநாட்டுத் தொழிற்சாலையே எஃப்எஸ்எஸ்ஏஐயிடம் பதிந்திருக்க வேண்டும். சீனாவின் பால் பொருள்களுக்கும் பால் சேர்ந்த சாக்லேட்டுக்கும் தடையே இருக்கிறது. பருப்பு, விதை, பழம் போன்ற பதப்படுத்தாத தாவரப் பொருள் என்றால் தாவரத் தனிமைப்படுத்தல் துறையும் உள்ளே வரும். ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அது இறங்காது.

பொருளை முடிவு செய்யும் முன் அதன் முழு மூலப்பொருள் பட்டியலை, சேர்க்கைப் பொருள் எண்களோடு வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் அனுமதித்த நிறமூட்டியோ பதப்படுத்தியோ நம் நாட்டில் அதே வகை உணவுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். பட்டியலைக் கஸ்டம்ஸ் புரோக்கரிடமோ (சுங்க வேலைகளை நமக்காகப் பார்க்கும் முகவர்) உணவுத் துறை ஆலோசகரிடமோ காட்டிச் சரிபார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும். நாங்கள் விலை பேசி முடித்துவிட்டுக் காட்டினோம். ஒரு சிவப்பு சாஸைக் கைவிட வேண்டியதாயிற்று.

3. உரிமங்கள், இந்த வரிசையில்

நிறுவனத்தின் பான் வந்ததும் நடப்புக் கணக்கு, ஜிஎஸ்டி. ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தை (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் கட்டும் எளிய முறை) தேர்ந்தெடுக்காதீர்கள். துறைமுகத்தில் கட்டும் ஐஜிஎஸ்டியை (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) திரும்ப எடுக்க முடியாமல் போகும்.

அடுத்தது இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு. எல்லோரும் ஐஇசி என்பார்கள். டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், அரசுக் கட்டணம் 500 ரூபாய். பான், முகவரிச் சான்று, ரத்து செய்த காசோலை, ஆதார் வழிக் கையொப்பம், இவ்வளவுதான் தேவை. இதற்கு ஐயாயிரம், எட்டாயிரம் கேட்பவர்கள் உண்டு, கொடுக்காதீர்கள். ஒரு முறை வாங்கினால் காலாவதி கிடையாது. ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் தளத்தில் போய் விவரம் சரி என்று உறுதிசெய்ய வேண்டும். ஒன்றுமே மாறாவிட்டாலும் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் குறியீடு முடக்கப்படும், அது தெரியவருவது கப்பல் வந்து நிற்கும்போதுதான்.

பிறகு எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம். இறக்குமதியாளருக்கு விற்றுமுதல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மத்திய உரிமம்தான், மாநில உரிமம் செல்லாது. ஆண்டுக்கு 7,500 ரூபாய். ஐஇசியில் உள்ள அதே முகவரிக்குத்தான் வாங்க வேண்டும். எங்களுக்கு ஐஇசியில் வீட்டு முகவரி, குடோன் ஊருக்கு வெளியே. குடோனுக்குத் தனியாகச் சேமிப்பு உரிமம் எடுக்கச் சொன்னார்கள். முடிந்தால் குடோனையே ஐஇசி முகவரியாகக் காட்டுங்கள், ஒரு வேலை குறையும். விண்ணப்பத்தில் பொறுப்பாளர் என்று ஒருவரை நியமிக்கும் படிவம் இருக்கிறது. சட்டப்படி கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அக்காவா தம்பியா என்று யோசித்துப் போடுங்கள், யார் கையில் குடோன் சாவி இருக்கிறதோ அவராக இருப்பது நியாயம். இந்த உரிமத்துக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

கடைசியாக, சில்லறைப் பொட்டலமாக விற்பதென்றால் எடையளவுச் சட்டப்படி இறக்குமதியாளர் பதிவு. கட்டணம் 500 ரூபாய், தொழில் தொடங்கி 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

4. வரியைக் கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள்

புரோக்கர் சொல்லும் மொத்தத் தொகையை நம்பி விலை வைக்காதீர்கள். சரக்கின் எட்டு இலக்க எச்எஸ் எண்ணை (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) கண்டுபிடித்து, அந்த எண்ணுக்கு இன்றைய தேதியில் என்ன வரி என்று பார்த்து நீங்களே போடுங்கள். கணக்கு இப்படிப் போகும். சரக்கு, கப்பல் கூலி, காப்பீடு மூன்றும் சேர்ந்த மதிப்பு 10,00,000 ரூபாய், அடிப்படைச் சுங்கவரி 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி 3,00,000. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நல மேல்வரி, 30,000. இப்போது மதிப்பு 13,30,000. இதன் மேல்தான் ஐஜிஎஸ்டி. அது 5 சதவீதம் என்றால் 66,500. ஆக நீங்கள் கட்டுவது 3,96,500. இதில் ஐஜிஎஸ்டி மட்டும்தான் பிறகு உள்ளீட்டு வரியாகத் திரும்பும், மற்றது உங்கள் அடக்க விலை.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கப்பல் கூலி ரசீதைக் காட்டாவிட்டால் சரக்கு விலையில் 20 சதவீதத்தைக் கூலியாகச் சேர்த்துக்கொள்வார்கள், காப்பீட்டுக்கு 1.125 சதவீதம். தாய்லாந்து மாதிரிப் பக்கத்து நாட்டுக்கு உண்மையான கூலி அதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் ரசீதை மறக்காமல் வாங்குங்கள். இன்னொன்று, ஆசியான் நாடுகளோடு நமக்கு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. உங்கள் எச்எஸ் எண் சலுகைப் பட்டியலில் இருந்தால், சப்ளையர் தரும் தோற்றச் சான்றிதழைக் கொண்டு குறைந்த வரி கட்டலாம். அந்தச் சான்றிதழ் ஒன்று மட்டும் போதாது. பொருள் அந்த நாட்டில்தான் உருவானது என்பதற்கான விவரங்களையும் இறக்குமதியாளர் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 2020 முதல் விதி இருக்கிறது. சப்ளையரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள்.

5. லேபிள்: பணம் போகும் இடம் இதுதான்

நான்கு நாள் தம்பி சென்னையில் ஒரு சிஎஃப்எஸ் யார்டில் (சுங்க வேலை முடியும் வரை கன்டெய்னரை வைக்கும் இடம்) உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினான். 310 பெட்டி சாஸ், பெட்டிக்கு 12 பாட்டில், 3,720 ஸ்டிக்கர். பெட்டியின் டேப்பைக் கிழித்து, பாட்டிலை வெளியே எடுத்து, கண்ணாடி மேல் வேர்த்திருந்த ஈரத்தைத் துணியால் துடைத்து, ஸ்டிக்கரை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தி, திரும்ப அடுக்கி, டேப் போட வேண்டும். துடைக்காமல் ஒட்டினால் ஓரம் எழும்பிக்கொள்ளும், எழும்பினால் அதிகாரி ஏற்க மாட்டார். கூட இரண்டு கூலியாள். அவர்கள் கூலியைவிட யார்டின் இட வாடகைதான் பெரிய செலவு. முதல் நாள் ஒட்டியதில் ஒரு வகையை இரண்டாம் நாள் உரிக்க வேண்டி வந்தது. மூன்று சாஸில் ஒன்று சிப்பி சாஸ். எல்லாவற்றுக்கும் பச்சைச் சைவக் குறியோடு அச்சடித்திருந்தோம். அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் வர வேண்டும்.

இத்தனைக்கும் காரணம் பாட்டிலில் தம்பியின் பழைய உரிம எண் இருந்ததுதான். பத்திரம் எழுத மூன்று வாரம் சோம்பியதற்கு நாங்கள் கொடுத்த விலை அது.

எதை ஸ்டிக்கரால் சரிசெய்யலாம், எதை முடியாது என்று தெரிந்துகொள்ளுங்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் உரிம எண்ணும், சைவ-அசைவக் குறி, இவற்றை அதிகாரியின் அனுமதியோடு சுங்கக் காவலில் இருக்கும்போதே ஒட்டிக்கொள்ளலாம். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண், மூலப்பொருள் பட்டியல், இவை தயாரிப்பாளரின் லேபிளில் இல்லையென்றால் ஸ்டிக்கர் ஒட்டித் தப்பிக்க முடியாது. சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். இரண்டும் உங்கள் செலவு. லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தாய் எழுத்து மட்டும் உள்ள பொட்டலம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். விற்பனைக்கு வரும்போது அதிகபட்சச் சில்லறை விலை, நிகர எடை, தயாரான நாடு, நுகர்வோர் தொடர்பு விவரம் எல்லாம் பொட்டலத்தில் இருக்க வேண்டும்.

சப்ளையரிடம் லேபிள் வடிவமைப்பைக் கோப்பாக வாங்கி, எழுத்துக்கு எழுத்து படியுங்கள். பிறகு நிஜப் பொட்டலத்தின் ஆறு பக்கப் புகைப்படம் கேளுங்கள். அது வந்து, அக்காவும் தம்பியும் இருவரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மீதிப் பணம். எங்கள் வீட்டில் இப்போது இதுதான் சட்டம்.

ஆயுள் காலமும் இதில் சேரும். சுங்கத்தில் விடுவிக்கும்போது மொத்த ஆயுளில் 60 சதவீதம் அல்லது மூன்று மாதம், எது குறைவோ அது மீதி இருக்க வேண்டும். 18 மாத நூடுல்ஸுக்கு மூன்று மாதம் மீதி இருந்தாலே சட்டம் விட்டுவிடும். ஆனால் கடைக்காரர் விட மாட்டார். ஆறு மாதத்துக்குக் குறைந்தால் அலமாரியில் வைக்கவே யோசிக்கிறார்கள். ஆகவே புதிதாகத் தயாரித்த பேட்ச் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

6. பணம் அனுப்புவது

முன்பணம் 30 சதவீதம், மீதி பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்) நகல் பார்த்து, என்று பேசினோம். வங்கிக் கிளையில் வெளிநாட்டுப் பரிமாற்றம் நடக்குமா என்று கணக்குத் தொடங்கும் முன்பே கேளுங்கள். சில கிளைகள் காகிதத்தை ஓசூருக்கோ சேலத்துக்கோ அனுப்பி வைப்பார்கள், அதில் இரண்டு மூன்று நாள் போகும். சரக்கு வந்த பிறகு பில் ஆஃப் என்ட்ரியை (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி விவரப் படிவம்) வங்கியில் கொடுத்து, அனுப்பிய பணத்துக்கு நேர் காட்ட வேண்டும். நேர் காட்டாத தொகை நிலுவையில் நின்றால் அடுத்த முறை பணம் அனுப்பும்போது வங்கி நிறுத்தும்.

ஒரு எச்சரிக்கை. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று சப்ளையர் பெயரில் மின்னஞ்சல் வந்தால், பழைய எண்ணில் தொலைபேசியில் அழைத்து, பழகிய குரலில் உறுதிசெய்யாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மின்னஞ்சலைத் திருடி இப்படி ஏமாற்றுவது உலகம் முழுக்க நடக்கிறது.

7. கப்பல் வரும் முன் ஆவணங்கள் வர வேண்டும்

தாய்லாந்திலிருந்து சென்னைக்குக் கப்பல் சீக்கிரம் வந்துவிடும். அசல் பில் ஆஃப் லேடிங் கூரியரில் அதைவிட மெதுவாக வரும். காகிதம் இல்லாமல் கப்பல் கம்பெனி டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுத்துக்கொள்ளும் அனுமதிச் சீட்டு) தராது. அதனால் பக்கத்து நாட்டுச் சரக்குக்கு, பணம் முடிந்ததும் டெலக்ஸ் ரிலீஸ் (அசல் காகிதம் இல்லாமலே சரக்கை விடும்படி கப்பல் கம்பெனிக்குத் தகவல்) கொடுக்கும்படி முதலிலேயே பேசிவிடுங்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், தோற்றச் சான்றிதழ், ஆய்வகப் பகுப்பாய்வுச் சான்று, காப்பீடு, லேபிள் படங்கள் எல்லாம் கப்பல் கிளம்பிய மறுநாளே புரோக்கர் கையில் இருக்கட்டும். இன்வாய்ஸில் உள்ள பெட்டி எண்ணிக்கையும் பேக்கிங் லிஸ்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று எண்ணிப் பாருங்கள்.

பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யக் கெடு, பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தைய நாள். தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000. ஒரு வாரம் தவறினால் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்.

8. சென்னையில் இறங்கிய பிறகு

கன்டெய்னர் துறைமுகத்திலிருந்து சிஎஃப்எஸ் யார்டுக்குப் போகும். வரி கட்டுவது ஒரு பக்கம், உணவுத் துறைச் சோதனை மறு பக்கம். அதிகாரி பார்வையிட்டு, மாதிரி எடுத்து, முடிவு சரியாக வந்தால் தடையின்மைச் சான்று தருவார். அது வந்த பிறகுதான் சுங்கம் சரக்கை வெளியே விடும். இதற்கு ஆன்லைனில் தொடர்பு உண்டு என்றாலும் யார்டில் ஆள் நின்றால்தான் வேலை நகரும். எல்லாம் சரியாக இருந்தாலும் பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பத்து நாளும் இரண்டு மீட்டர் ஓடுகிறது. யார்டுக்கு இட வாடகை, கப்பல் கம்பெனிக்குக் கன்டெய்னர் வாடகை. இலவச நாள் எத்தனை என்பதை ஆர்டர் போடும்போதே பேசலாம். நாங்கள் முதல் தடவை கேட்கவே இல்லை. இப்போது 14 நாள் எழுதி வாங்காமல் புக்கிங் போடுவதில்லை. புரோக்கரிடம் அவர் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள், யார்டு, கப்பல் கம்பெனி, சோதனைக்கூடம், ஏற்றுகூலி எல்லாம் தனித்தனி வரியாக எழுதிய மதிப்பீடு கேளுங்கள். நவம்பர், டிசம்பர் புயல் மழையில் முதல் கன்டெய்னர் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டி நனைந்தால் உள்ளே சரக்கு நன்றாக இருந்தாலும் கடைக்காரர் வாங்க மாட்டார்.

9. ஊருக்குக் கொண்டுவருவது

சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஈ-வே பில் (சரக்கோடு வண்டியில் இருக்க வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டு) 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, ஆக இரண்டு நாள் கிடைக்கும். பில் ஆஃப் என்ட்ரி எண்ணை வைத்து அதைப் போட வேண்டும்.

கன்டெய்னரோடு கொண்டுவருவதா, யார்டிலேயே பிரித்து லாரியில் ஏற்றுவதா? கன்டெய்னரோடு வந்தால் சரக்கை இரண்டு தடவை கையாள வேண்டாம், உடைசல் குறைவு. ஆனால் காலிப் பெட்டியைத் திரும்பச் சென்னையில் விட வேண்டும், டிரெய்லருக்குப் போக வர வாடகை. எங்கள் குடோன் தெருவில் டிரெய்லர் திரும்பாது. கன்டெய்னரின் தளம் தரையிலிருந்து நான்கடிக்கும் மேலே இருக்கும், நம் ஊர்க் குடோன்களில் அந்த உயரத்துக்கு மேடை கிடையாது. கீழே ஓர் ஆள், மேலே ஓர் ஆள் என்று கைமாற்றித்தான் இறக்க வேண்டும். அதனால் நாங்கள் யார்டில் பிரித்து இரண்டு லாரியில் கொண்டுவருகிறோம். ஓசூர்க்காரர்கள் வைட்ஃபீல்டில் உள்ள உள்நாட்டுக் கன்டெய்னர் டிப்போ வழியாக எடுக்க முடியுமா என்று புரோக்கரிடம் விசாரியுங்கள், தூரம் பாதிக்கும் கீழே குறையும்.

சரக்கு இறங்கும்போது இருவரில் ஒருவர் பேக்கிங் லிஸ்டோடு நின்று எண்ணுங்கள். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பெட்டியை விற்காமல் காலாவதி வரை தனியே வையுங்கள், புகார் வந்தால் காட்ட அதுதான் ஆதாரம். அப்புறம் நாள்காட்டியில் இரண்டு தேதியை இப்போதே குறித்துவிடுங்கள். உணவு உரிமத்துக்கான ஆண்டு விவர அறிக்கைக்கு மே 31, தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம். ஐஇசி உறுதிப்படுத்தலுக்கு ஜூன் 30. எங்கள் வீட்டில் முதலாவது என் பொறுப்பு, இரண்டாவது தம்பியுடையது. இரண்டு தேதியும் பூஜை அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.